அஞ்சுகிறவரும் விற்கிறவரும்: இணையக் குழுக்களில் உடல்நலப் பொய்கள்

2017 பிப்ரவரி 6ஆம் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர் வரை 1.76 கோடிப் பேருக்கு ஊசி போட வேண்டும் என்பது இலக்கு. போலியோ சொட்டு மருந்து நாளில் இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் நின்று பழகிய மாநிலம் இது. இங்கேதான் அந்த ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் கிளம்பின. வெளிநாட்டு நிறுவனம் நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறது என்றது ஒன்று. பிற்காலத்தில் குழந்தைப் பேறு இருக்காது என்றது இன்னொன்று. ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் பலர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பதிவுகளை முதலில் பேசி விட்டவர்கள் ஒருவரோ சிலரோ இருக்கலாம். அவற்றை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் பள்ளிப் பெற்றோர் குழுவில் இருந்த அம்மாக்கள், குடியிருப்போர் சங்கச் செயலாளர், கூடப் படித்த நண்பர், அத்தை, பெரியப்பா. தடுப்பூசியை ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம் இவர்களுக்கு இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தது; காதில் விழுந்ததைச் சொல்லாமல் விட்டால் பின்னால் பழி வந்து சேருமே என்ற தவிப்பு இருந்தது. உடல்நலம் பற்றிய பொய்ச் செய்தியை இணையக் குழுக்கள் எப்படிக் கையாள வேண்டும் என்ற கேள்வியை நான் இந்த மனிதர்களிடமிருந்தே தொடங்க விரும்புகிறேன். இதற்கு மூன்று வழிகள் நெடுநாளாகப் பேசப்படுகின்றன: நீக்குவது, திருத்துவது, தண்டிப்பது. மூன்றுக்கும் இடமுண்டு. ஆனால் அஞ்சி அனுப்புகிறவரையும் காசுக்காகக் கிளப்புகிறவரையும் ஒரே ஆளாக எண்ணிச் செய்த ஏற்பாடுகள் பெரும்பாலும் தோற்றிருக்கின்றன. கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்.

பொய் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதில் இன்று ஐயத்துக்கு இடமில்லை. 2020இல் ஈரானில், மது கொரோனா கிருமியைக் கொல்லும் என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஆண்டில் 87 நாடுகளிலிருந்து 25 மொழிகளில் திரட்டிய கொரோனா வதந்திகள், சதிக்கதைகள் பற்றிய 2,311 பதிவுகளை ஓர் ஆய்வுக் குழு அலசியது. உண்மையா பொய்யா என்று தரம் பிரிக்க முடிந்தவற்றில் ஐந்தில் நான்குக்கு மேல் பொய். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடத்தி 2021இல் வெளியான ஒரு பரிசோதனையில், தடுப்பூசி பற்றிய பொய்களைக் காட்டிய பிறகு, ‘கட்டாயம் போட்டுக்கொள்வேன்’ என்றவர்களின் பங்கு ஆறு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்தது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் தட்டம்மை பரவாமல் இருக்க ஊரில் 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஆறு புள்ளி என்பது நோய் திரும்ப வருவதற்குப் போதுமானது.

நம் குழுக்களில் அன்றாடம் சுற்றுபவை பெரும்பாலும் இத்தனை பெரிய கதைகள்கூட இல்லை. மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம். பக்கவாதம் வந்தவரின் விரல் நுனிகளை ஊசியால் குத்தி இரண்டு சொட்டு இரத்தம் எடுத்தால் சரியாகிவிடும். ‘பி-500’ என்று அச்சிட்ட பாராசிட்டமால் மாத்திரையில் மச்சுப்போ வைரஸ் இருக்கிறது. இவை அடங்கிவிட்டதாகத் தோன்றி, சில மாதம் கழித்து, ‘அவசரம், எல்லோருக்கும் பகிரவும்’ என்ற தலைப்போடு மறுபடி வரும். மச்சுப்போ பொலிவியாவில் எலிகள் வழியாகப் பரவுகிற வைரஸ். காய்ந்த மாத்திரையில் அது தங்கியிருக்க வழியில்லை. விரலைக் குத்தும் யோசனை இன்னும் கொடியது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். வீட்டில் ஊசி தேடிக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் ஒருவருடைய பேச்சோ வலது கையோ போய்விடலாம்.

சுகப்பிரசவம் என்ற ஆசை

2018 ஜூலையில் திருப்பூரில் 28 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டிலேயே பிரசவித்து, இரத்தப்போக்கு நிற்காமல் இறந்தார். யூடியூப் காணொளிகளைப் பார்த்து, நண்பர் குடும்பத்தின் துணையோடு நடந்த பிரசவம் அது. குழந்தை பிழைத்தது. அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்தவரைக் காவல்துறை கைது செய்தது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இதை விரிவாகப் பேசின. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு தம்பதி தங்கள் மூன்றாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள். வீட்டுப் பிரசவ அனுபவங்களைப் பகிர்வதற்கென்றே அமைந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் இருந்தார்கள். அதில் உறுப்பினர்கள் ஆயிரத்துக்கு மேல். சுகாதாரத் துறையினர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள்.

ஒரு சாவும் ஒரு கைதும் ஊரறியப் பேசப்பட்ட பிறகும் ஆயிரம் பேர் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், அறியாமை என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. ‘அங்கே போனால் ஆபரேஷன்தான்’ என்று பெண்கள் பேசிக்கொள்வதை வதந்தி என்று எப்படிச் சொல்வது? பிரசவ அறையில் கேட்ட வசவுகளை, மறைப்பில்லாத கட்டிலை, வலியில் கத்தியதற்கு வாங்கிய திட்டை எத்தனையோ பெண்கள் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுப் பிரசவக் குழுக்களில் சொல்லப்படுபவற்றை அடுக்கிப் பாருங்கள். அறுவைப் பிரசவங்கள் அளவுக்கு மீறி நடக்கின்றன என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பிரசவ அறையில் பெண்ணை மதிப்பதில்லை என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. பெரும்பாலான பிரசவங்கள் எந்த மருத்துவத் தலையீடும் இல்லாமல் நல்லபடியாக முடியக்கூடியவை என்பார்கள், அதுவும் சரிதான். ஆகவே மருத்துவமனை தேவையில்லை என்பது நான்காவதாக வரும். கொல்வது அதுதான். பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்காமல் போனால் ஆரோக்கியமான பெண்கூட இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தம் வடிந்து இறந்துவிடலாம். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடிவதில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசியும், ஏற்றுவதற்கு இரத்தமும், கைதேர்ந்த ஒருவரும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்ததாக 2018–20ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது; நாட்டுச் சராசரி அப்போது 97. இந்த இடைவெளியை உண்டாக்கியவை இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், இரத்த வங்கிகளும், 108 வண்டிகளும்.

மூன்று உண்மைகளின் தோளில் ஏறி வரும் ஒரு பொய்யை, ‘சட்டப்படி குற்றம்’ என்ற ஒரே வரியால் இறக்கிவிட முடியாது. அந்த வரியைப் படிக்கும் கர்ப்பிணிப் பெண், தன் பயத்தைக் கேட்க மருத்துவமனைத் தரப்பில் ஆளில்லை என்றே முடிவு செய்வாள். கர்ப்பிணிகள் கூடும் குழு ஒன்றில் ஒரு செவிலியரோ மகப்பேறு மருத்துவரோ இருந்து, ‘ஆமாம், இங்கே ஆபரேஷன் அதிகம்தான், எதற்காகச் செய்கிறீர்கள் என்று டாக்டரிடம் நீங்கள் தயங்காமல் கேட்கலாம், பிரசவ அறையில் கூட ஒரு பெண் துணை இருக்கலாம், அதைக் கேட்டு வாங்குங்கள்’ என்று சொன்னால், அதே பெண் அடுத்த வரியையும் கேட்பாள். குறையை ஒப்புக்கொள்ளாத திருத்தம் எவரையும் திருத்துவதில்லை என்பது இந்தப் பொருளில் நான் உறுதியாக நம்புவது.

நீக்கினால் என்ன ஆகிறது

பெரிய தளங்கள் செய்து பார்த்த முதல் வழி நீக்கம். கொரோனாக் காலத்தில் ஃபேஸ்புக் தடுப்பூசி எதிர்ப்புப் பக்கங்களையும் குழுக்களையும் நீக்கியது. யூடியூப் 2021 செப்டம்பரில் எல்லாத் தடுப்பூசிகள் பற்றிய பொய்களுக்கும் தடையை விரித்தது. ரெடிட் அதே மாதம், மற்றக் குழுக்களின் நிர்வாகிகள் தங்கள் பக்கங்களை மூடிப் போராடிய பிறகு, ‘நோ நியூ நார்மல்’ என்ற குழுவைத் தடை செய்தது. ஃபேஸ்புக்கின் நீக்கங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு சோர்வூட்டுவது. நிறைய நீக்கினார்கள், ஆனால் தடுப்பூசி எதிர்ப்பு உள்ளடக்கத்தோடு மக்கள் கொண்ட ஈடுபாடு ஒட்டுமொத்தத்தில் குறையவில்லை. எஞ்சியவர்கள் புது வழி கண்டார்கள். ‘தடுப்பூசி’ என்று எழுதாமல் கேரட் படத்தைப் போட்டார்கள். விருந்து, நடனம் என்று குழுக்களுக்குப் பெயர் மாற்றினார்கள்.

கொள்கையும் நிலையாக நிற்கவில்லை. ட்விட்டர் 2022 நவம்பரில் கொரோனாப் பொய்களுக்கு எதிரான விதியைக் கைவிட்டது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியாரைக் கொண்டு உண்மை சரிபார்க்கும் ஏற்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. நிறுவனத்தின் மனம் மாறும்போதெல்லாம் மாறும் பாதுகாப்பை நம்பி ஒரு சமூகம் இருக்க முடியாது. நம்முடைய மொழிகளில் அந்தப் பாதுகாப்பு எப்போதுமே மெலிந்ததுதான். 2018 பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் ஒரு கலவரமாக வெடித்தது. அடுத்த மாதம் கண்டிப் பகுதியில் பெரும் வன்முறை. சிங்களத்தில் ஓடிய வெறுப்புப் பதிவுகளைப் புரிந்துகொள்ளும் ஆட்களே அப்போது ஃபேஸ்புக்கிடம் போதிய அளவில் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில், அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மலடாக்கிவிடுவார்கள் என்ற அதே பயம் 2017இல் தமிழ்நாட்டுத் தடுப்பூசியிலும், இரண்டாயிரங்களில் உத்தரப் பிரதேசத்தின் போலியோ சொட்டு மருந்திலும் வேலை செய்தது. இந்தப் பயத்துக்கு ஒரு பகைவரைக் காட்டிவிட்டால் அது உடல்நலத்தோடு நிற்பதில்லை.

வாட்ஸ்அப்பில் செய்திகள் பூட்டிய நிலையில் போவதால் நிறுவனமே உள்ளே பார்க்க முடியாது. நிறுவனம் செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பது. குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லும் சம்பவங்கள் நடந்த 2018இல், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தினார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. யாருடைய வாயையும் மூடாமல், எது உண்மை என்று தீர்ப்பும் சொல்லாமல் கிடைத்த பலன் இது. தளங்கள் எடுத்த நடவடிக்கைகளில் நான் முழு மனதோடு ஆதரிப்பது இதைத்தான்.

‘இது உண்மை இல்லைப்பா’

பொய்யைத் திருத்தினால் நம்புகிறவர் இன்னும் பிடிவாதமாகிவிடுவார் என்ற கருத்து 2010க்குப் பிறகு பெரிதும் பரவியது. அமெரிக்க அரசியல் பொய்களை வைத்து நடந்த ஒரு சோதனையிலிருந்து அது வந்தது. பின்னாளில் பல ஆயிரம் பேரை வைத்துச் செய்த சோதனைகளில் அப்படிப்பட்ட எதிர்விளைவு அநேகமாகத் தென்படவில்லை. திருத்தம் பெரும்பாலும் வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் நினைவில் இருக்க வேண்டும். 2014இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்ற விளக்கம் அந்த நம்பிக்கையைக் குறைத்தது. ஆனால் ஏற்கெனவே மிகவும் தயங்கிய பெற்றோரிடம் ஊசி போடும் எண்ணமும் கூடவே குறைந்தது. தகவல் சரியாகியும் பயம் போகவில்லை.

இந்தியாவில் நடந்த இரண்டு ஆய்வுகள் நமக்கு மிக நெருக்கமானவை. ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் 1,224 பேரை வைத்து, ஒருமுறை வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பொய்ச் செய்தியை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். சராசரியில் பலன் தெரியவில்லை. பிறகு அவரும் சைமன் ஷோஷாரும் வாட்ஸ்அப் உரையாடல் வடிவில் ஒரு சோதனை செய்தார்கள். குழுவில் வந்த பொய்யை, சக உறுப்பினர் ஒருவர் ‘இது உண்மை இல்லைப்பா’ என்கிற அளவில், ஆதாரம் எதுவும் காட்டாமல் மறுத்தாலே அதைப் படித்தவர்களிடம் நம்பிக்கை குறைந்தது. ஆதாரத்தோடு மறுத்தபோதும் ஏறக்குறைய அதே பலன்தான். நிபுணர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; மௌனம் கலைந்தால் போதும் என்று இதைப் படிக்கலாம். எனக்கு இதில் ஒரு கவலையும் உண்டு. ஆதாரமில்லாத மறுப்பு இவ்வளவு வலுவானது என்றால், உண்மையான செய்தியையும் அதே எளிமையோடு யாராவது கவிழ்த்துவிடலாம். ஆகவே ஆதாரத்தோடு மறுக்கும் பழக்கத்தைக் குழு வளர்த்தாக வேண்டும், உடனடிப் பலன் ஒன்றாகவே இருந்தாலும்.

நம் வீடுகளில் இதைச் செய்வது எளிதில்லை. குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பியதைப் பொய் என்று தம்பி மகன் எல்லோர் முன்னிலும் எழுதினால், அது மருத்துவ விஷயமாக இருக்காது, மரியாதை விஷயமாகிவிடும். அதனால் படித்த பிள்ளைகள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அல்லது குழுவை ஒலியடக்கி வைத்துவிடுகிறார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது பெரியப்பாவின் மனதைக் காக்கும். ஆனால் அதை ஏற்கெனவே படித்துவிட்ட இருபது பேருக்கு அது போய்ச் சேராது. சமூக ஊடகத் திருத்தங்களை ஆராய்ந்த லெடிசியா போடேயும் எமிலி வ்ராகாவும் திரும்பத் திரும்பக் காட்டியது, திருத்தத்தின் பெரிய பலன் அனுப்பியவரைவிட வேடிக்கை பார்க்கிறவர்களுக்கே என்பதைத்தான். ஆகவே இரண்டும் வேண்டும். முதலில் தனியாக ஒரு வார்த்தை, பிறகு குழுவில், ‘பெரியப்பா அனுப்பியதைப் பார்த்துவிட்டு விசாரித்தேன், பக்கவாதம் என்றால் முகம் ஒரு பக்கம் கோணும், கை தூக்க வராது, பேச்சு குழறும், உடனே 108ஐக் கூப்பிட வேண்டுமாம்’ என்று பயனுள்ள ஒன்றைச் சேர்ப்பது. விரலைக் குத்துவதைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி போதும்.

நீண்டகாலப் பயிற்சி பலிக்கும் என்பதற்கும் பீகாரே சான்று தருகிறது. அங்கே 583 கிராமங்களில் 13,500க்கு மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்கு, நூலகங்களில் பல வாரங்கள் தொடர்ந்து வகுப்பு நடத்தினார்கள். உடல்நலப் பொய்களுக்கு அதில் முக்கிய இடம். மாணவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவது தேறியது. மாதங்கள் கழித்தும் நிலைத்தது. பெற்றோரிடமும் அதன் சாயல் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் நடக்காதது பல வாரங்களில் நடந்திருக்கிறது.

சரியென்று சொன்னவர்களும் தவறியபோது

குழுக்களுக்கு விதி எழுதுகிறவர்கள் ‘அதிகாரபூர்வ ஆதாரம் மட்டுமே ஏற்கப்படும்’ என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில், கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று உறுதிபட அறிவித்தது. அது தவறு என்று பிறகு தெளிவாயிற்று. பொதுமக்களுக்கு முகக்கவசத்தைப் பரிந்துரைக்க அந்த நிறுவனம் ஜூன் வரை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் ஆயுஷ் அமைச்சகம் 2020 ஜனவரி இறுதியில், கொரோனாத் தடுப்புக்கு ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மருந்தைப் பரிந்துரைத்தது. அதற்குச் சான்று இருக்கவில்லை. ‘லான்செட்’ ஆய்விதழ் 2020 மே மாதத்தில் வெளியிட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆய்வை, தரவுகளைச் சரிபார்க்க முடியாததால் ஜூன் தொடக்கத்தில் திரும்பப் பெற்றது.

இவற்றைச் சொல்வது எல்லாம் ஒன்றுதான் என்று காட்ட அல்ல. இந்தத் தவறுகளைக் கண்டுபிடித்தவர்களும் அறிவியலாளர்களே. அவற்றில் சிலவற்றுக்கு வாரங்களில், மாதங்களில் திருத்தம் வந்தது. இருமினால் மாரடைப்பு நிற்கும் என்ற செய்தியோ 1999 முதல் திருந்தாமல் சுற்றுகிறது. குழு கற்றுக்கொள்ள வேண்டியது, இன்றைக்குத் தெரிந்ததைத் தேதி போட்டுச் சொல்லும் பழக்கத்தை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். மரங்களையும் மக்களையும் நேசித்த மனிதர், பிறருக்குத் தைரியம் வரட்டும் என்று ஊரறியப் போட்டுக்கொண்ட ஊசி அது. முக்கிய இரத்தக் குழாய் ஒன்று முற்றிலும் அடைத்திருந்ததாகவும் தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் சிகிச்சை அளித்த மருத்துவமனை சொன்னது. தேசியக் குழு ஆராய்ந்து அதே முடிவைச் சொன்னது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதம் தமிழ்க் குழுக்களில் பயம்தான் பேசியது. அந்த நாட்களில் ‘தொடர்பே இல்லை, பேசாதே’ என்று அடக்கியிருந்தாலும் தவறு. ‘ஊசிதான் கொன்றது’ என்பதை ஓட விட்டதும் தவறு. ‘மருத்துவமனை இப்படிச் சொல்கிறது, அரசுக் குழு விசாரிக்கிறது, முடிவு வந்ததும் இங்கேயே போடுவோம்’ என்று ஒரு நிர்வாகி எழுதி மேலே நிறுத்தியிருந்தால், கேட்டவர்களுக்கு மரியாதையும் பதிலும் கிடைத்திருக்கும்.

சித்த மருத்துவம் பற்றிய சண்டையும் இங்கேதான் வருகிறது. 2017 அக்டோபரில், டெங்குக் காலத்தில், ஆராய்ச்சி முடிவு வரும்வரை நிலவேம்புக் குடிநீர் விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டதும் எழுந்த கொந்தளிப்பு நினைவிருக்கும். அந்த வழக்கை ஒரு பெற்றோர் குழு தீர்த்துவைக்க முடியாது, தீர்க்கவும் வேண்டாம். கஷாயம் குடிக்கிறேன் என்று ஒருவர் சொல்வதில் குழுவுக்கு வேலை இல்லை. போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலினை நிறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடு, மருந்தல்லாத ஒன்றை உடலுக்குள் செலுத்து என்று சொல்லும்போது வேலை வருகிறது. 2024 ஜூலையில் நடிகை சமந்தா, ஹைட்ரஜன் பெராக்சைடை நெபுலைசரில் வைத்து இழுக்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் எழுதியபோது மருத்துவர்கள் உடனே குரல் கொடுத்தது சரியே. நல்ல எண்ணத்தில் எழுதியிருந்தாலும் அது நுரையீரலைப் புண்ணாக்கும் யோசனை.

நன்றாக நடத்திக்காட்டியவர்கள்

இணையச் சமூகங்கள் பொய்யைப் பரப்ப மட்டுமே தெரிந்தவை என்று நினைப்பதும் தவறு. விக்கிப்பீடியாவின் மருத்துவப் பக்கங்களை எழுதுகிறவர்களில் பலர் மருத்துவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் தங்களுக்கு ஒரு கடுமையான விதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: ஒற்றை ஆய்வைக் காட்டி எழுதக் கூடாது, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரைகளையும் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல்களையும் காட்ட வேண்டும். ‘ஒரு ஆராய்ச்சி சொல்கிறது’ என்று தொடங்கும் பொய்களில் பாதியை அந்த ஒரு விதியே வாசலில் நிறுத்திவிடும்.

எனக்கு இன்னும் பிடித்த கதை ‘பேஷன்ட்ஸ் லைக் மீ’ என்ற நோயாளிகள் தளத்தினுடையது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய்க்கு லித்தியம் உதவுகிறது என்று 2008இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் மனிதர்கள் காத்திருப்பார்களா? மருத்துவர்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள். அந்தத் தளம் அவர்களைக் கண்டிக்கவில்லை. என்ன அளவில் எடுக்கிறீர்கள், நோய் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பதியச் செய்தது. லித்தியம் எடுத்த 149 பேரை, எடுக்காத, ஒத்த நிலையில் உள்ளவர்களோடு ஒப்பிட்டு 2011இல் முடிவை வெளியிட்டார்கள்: பலன் இல்லை. நம்பிக்கையோடு வந்தவர்களே சேர்ந்து அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். கொரோனா குணமான பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் உபாதையை மருத்துவ உலகம் கவனிக்கும் முன்பே 2020இல் பெயரிட்டுப் பேசியதும் இணையத்தில் கூடிய நோயாளிகளே. அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில் 56 நாடுகளிலிருந்து 3,762 பேர் பதிலளித்தார்கள். கடும் நீக்க விதி ஒன்று அப்போது இருந்திருந்தால், ‘கொரோனா இரண்டு வாரத்தில் சரியாகிவிடும், வதந்தி பரப்பாதே’ என்று இவர்கள் வாயையும் அது அடைத்திருக்கும்.

நிர்வாகியின் கையில்

சட்டம் எங்கே வர வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. விற்கிறவரிடம். நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. எழுபது ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும், 2024இல் பதஞ்சலி நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்க உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது என்பது அதை நடைமுறைப்படுத்தும் இலட்சணத்தைக் காட்டுகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் ‘சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’ என்று கைபேசி எண்ணோடு வரும் செய்தி இந்தச் சட்டத்துக்குள் அடங்குவது. அதைக் குழுவில் விவாதிக்கத் தேவையில்லை. நிர்வாகி நீக்கிவிட்டு, எண்ணோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும்.

உறுப்பினர் அனுப்பியதற்கு நிர்வாகி பொறுப்பா என்ற பயம் பலருக்கு. நிர்வாகியாக இருந்தார் என்பதைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் மீது வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் இதே போக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வாட்ஸ்அப், குழுவில் எவருடைய செய்தியையும் எல்லோருக்கும் நீக்கும் வசதியை நிர்வாகிக்குக் கொடுத்திருக்கிறது. சட்டப் பொறுப்பு கூடியதோ இல்லையோ, கடமை கூடியிருக்கிறது. அந்த அதிகாரத்தை விற்பனைச் செய்திக்கும், உடனே உயிருக்கு உலை வைப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அப்படி நீக்கும்போதும் ஏன் நீக்கினேன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். சொல்லாமல் மறைந்த செய்தி, ‘மறைக்கிறார்கள் பார்’ என்ற அடுத்த வதந்திக்கு வித்தாகிறது. மற்றவற்றுக்குப் பதில் எழுதி நிறுத்தினால் போதும். பழைய பதில்களைச் சேமித்து வைத்தால், பி-500 அடுத்த முறை வரும்போது ஒரு நிமிட வேலை.

ஆனால் பதில் எழுதும் அறிவுக்கு நிர்வாகி எங்கே போவார்? குடியிருப்போர் சங்கத்தில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் நிர்வாகியாக இருப்பார். அவரிடம் மருத்துவ இதழ்களைப் படிக்கச் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தில் போலியோ வதந்திகளை வென்றது பத்திரிகை விளம்பரம் இல்லை. யுனிசெஃப் அமைத்த சமூகப் பணியாளர் வலையமைப்பும், பள்ளிவாசல் இமாம்களும், உள்ளூர்ப் பெண்களும் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி வென்றார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ இல்லை. 2020இல் மேற்கு வங்கத்தில் பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி வங்காள மொழியில் பேசிய சிறு காணொளிகளின் இணைப்பை 2.5 கோடிப் பேருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பியபோது, காய்ச்சல், இருமல் அறிகுறிகளைச் சுகாதாரப் பணியாளரிடம் சொல்வது இரு மடங்கானது. நம்மவர், நம் மொழியில், நேரடியாக.

தமிழ்நாட்டில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். ஊரில் எல்லோரும் நர்சம்மா என்று கூப்பிடும் கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பது அவருக்கு மனப்பாடம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். ஊர்க் குழுவிலும் பள்ளிப் பெற்றோர் குழுவிலும் இவர்களைச் சேர்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் கேட்கச் சொல்லலாம். அவர்களுக்கே ஐயம் வந்தால் கேட்க 104 உதவி மையத்தில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு நிமிடக் குரல் பதிவாக, தேதியோடு, பேசியவர் பெயரோடு, வட்டார வழக்கு தெரிந்தவர் குரலில் பதில் வர வேண்டும். வதந்தியும் குரலாகத்தான் வருகிறது. இந்த வேலையை மேலும் ஒரு சுமையாக அவர்கள் தலையில் ஏற்றிவிடக் கூடாது. பதிவேடுகளிலும் செயலிகளிலும் தகவல் ஏற்றுவதற்கே இன்று அவர்களுடைய பொழுது சரியாக இருக்கிறது. குழுவில் வரும் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட்டு, அதற்கான தரவுக் கட்டணத்தைக் கொடுத்து, அதே அளவுக்கு எழுத்து வேலையைக் குறைக்க வேண்டும். சுகாதாரத் துறை ஒரு அரசாணையில் செய்துவிடக்கூடிய காரியம் இது.